பத்துப் பொட்டலம் மண்

பெண் பார்க்கப் போன வீட்டில், தட்டில் வைத்த கேசரியைச் சாப்பிடாமல் இரண்டு விரலால் நசுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, கியூசி அக்காதான். போனது என் தம்பிக்குப் பெண் பார்க்க. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு என் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார், இறக்கிவிட எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். "சூஜி வறுபட்டது பத்தல," என்றார். பெண்ணின் அம்மா முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டுமே! என் அம்மா எனக்குப் பின்னால் நின்று முதுகில் கிள்ளினார். அக்கா அசரவில்லை. "ஆனா புள்ள நல்ல புள்ள. கழுவி வெச்ச கிளாஸையே இன்னொரு தடவ கழுவிட்டுத்தான் எனக்குத் தண்ணி குடுத்திச்சி, நான் பாத்தேன்," என்றார். அந்தச் சம்பந்தம்தான் முடிந்தது. என் தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் சண்டை வந்தால், "நான் கியூசி அக்கா பாஸ் பண்ண பொண்ணு, தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. சிரம்பான் பக்கம் செனாவாங்கில் கார்களுக்கு ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் தரம் பார்க்கும் வேலை. அந்த வேலைக்குக் கம்பெனியில் கியூசி என்று பெயர், அதனால் ஊருக்கே அவர் கியூசி அக்கா. என்னைவிட நாலு வயசு மூத்தவர். புருஷன் இல்லை, ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஜொகூருக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கம்பெனிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினேன். முன் சீட்டு அக்காவுடையது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். உட்கார்ந்த ஆள் தானாக எழுந்து பின்னால் போய்விடும்.

வேலையில் அவருக்கு ஒரே சட்டம். ஒரு பெட்டி வந்தால் பத்து இடத்திலிருந்து பத்து வாஷர் எடுக்கவேண்டும். மேலாக்கில் கைவிட்டு எடுப்பது திருட்டுத்தனம். அடியில், மூலையில், நடுவில் என்று எல்லாப் பக்கமும் கை போகவேண்டும். ஒன்பது நன்றாக இருந்தாலும் பத்தாவதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சள். மஞ்சள் என்றால், ஒதுக்கி வை, மறுபடியும் பார்க்கிறேன் என்று அர்த்தம். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அக்காவும் வெளியே வந்தார். வரும்போது மிச்சமிருந்த மூன்று ஸ்டிக்கர் ரோலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

பாசாரில் வாழைப்பழத்துக்குச் சிவப்பு. கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவுக்கு மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டோ டயருக்குச் சிவப்பு ஒட்டினார். அந்த மனுஷர் கடுப்பாகி உரித்து எறிந்தார். அடுத்த வாரமே அம்பாங்கான் சிக்னலில் அந்த டயர் வெடித்து, மோட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போவார். என் வேனும் தப்பவில்லை. பிரேக்கை மிதித்து, பெல்டை இழுத்து, கதவை ஏழெட்டுத் தடவை அடித்துச் சாத்தி, அரை மணி நேரம் பரீட்சை. கடைசியில் டேஷ்போர்டில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். சிரித்தேன்தான். ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

எதற்கெடுத்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "தொட்டுப் பாத்தியா?"

மழை வரும்போல் இருக்கிறது என்றால், "துணியத் தொட்டுப் பாத்தியா, காஞ்சிடிச்சா?" காய்ச்சல் என்றால், "தொட்டுப் பாத்தியா, சும்மா சொல்றியா?" சிரம்பானில் ஒரு வக்கீல், உங்கள் வீட்டுப் பட்டா, அந்தக் கிராண்ட், கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார். அவரையும் கேட்டார். பாவம், வக்கீல் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

இப்படிப்பட்ட மனுஷி யுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தார் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. ஆனால் நடந்தது. வேலையை விட்டபின் பொழுது போகாமல் சிரம்பான் நூலகத்துக்குப் போனவர், பழைய புத்தகம் ஒன்றில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். யுத்தத்தில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த நேரம். மோரிப் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கிய லோரிகளும் ஜீப்புகளும் சக்கரம் மூழ்கச் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. சிப்பாய்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வந்து என் ஸ்டீயரிங் மேல் போட்டார்.

"தம்பி, இந்தக் கரைய யாருடா பாஸ் பண்ணது?"

அந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷம் பதில் தேடினார். நோட்டு நோட்டாக எழுதினார். இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் அகராதியோடு படித்தார். வெளிநாட்டு நூலகங்களுக்குக் கடிதம் போட்டார். சிலர் பதில் எழுதினார்கள், நகல் அனுப்பினார்கள், அதுதான் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமையானால் என் வேனில் மோரிப்புக்கோ போர்ட்டிக்சனுக்கோ போகவேண்டும். போகும் வழியெல்லாம் எனக்குப் பாடம். நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் இப்போது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"ஏரோப்ளேன்லேர்ந்து கரையப் படம் புடிச்சிருக்கான் தம்பி. தண்ணி எந்நேரம் ஏறும், எந்நேரம் எறங்கும், எல்லாம் கணக்குப் போட்டிருக்கான். லோரி இஞ்சினுக்குள்ள கடல் தண்ணி பூந்திடக்கூடாதுன்னு பூச்சு பூசியிருக்கான். இந்தியாவுல, சிலோன்ல எல்லாம் எத்தன மாசம் வேல நடந்திருக்கு, தெரியுமா?"

"எல்லாம் செஞ்சான், மண்ணத் தொட்டுப் பாக்கல. அதானேக்கா?" என்றேன் நான், கெட்டிக்காரன் மாதிரி.

"அதான் இல்ல!" என்று டேஷ்போர்டில் அடித்தார். "தொட்டுப் பாத்திருக்கான். சின்னப் படகுல வந்து, நீந்தி வந்து, கரையில ஊர்ந்து, மண்ண அள்ளிட்டுப் போயிருக்கான். உசுரப் பணயம் வெச்சித் தொட்டுப் பாத்திருக்கான். அப்புறம் எப்பிடித் தப்பாச்சி? அதான் எனக்குப் புரியல."

உண்மையிலேயே அவருக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. கடற்கரையில் இறங்கினால் ஒரு பிவிசி குழாயை மண்ணில் குத்தி, வாயைக் கையால் பொத்தி இழுப்பார். மேலே நல்ல மணல், கெட்டியாக, நடந்தால் கால் பதியாது. அதற்குக் கீழே ஒரு சாண் போனால் கன்னங்கரேலென்று சேறு. "மேலாக்குல எடுத்திருக்கான்," என்பார். அடுத்த வாரம், "இல்ல, கொஞ்ச எடத்துலதான் எடுத்திருக்கான்," என்பார். அதற்கடுத்த வாரம், "எடுத்தவன் சரியாத்தான் எடுத்திருக்கான், மேல உக்காந்திருந்தவன்தான்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். நல்லவேளை, அதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். கரையில் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. "இருந்திருந்தா?" என்று ஒருநாள் கேட்டார். "அந்தக் கப்பல்ல வந்ததுல நம்ம தமிழ்ப் பையனுங்களும் இருந்திருக்கானுங்க, தம்பி. சேத்துல கால் மாட்டிக்கிட்டு நிக்கிறவன் எங்க ஓடுவான்?" அன்றைக்குத் திரும்பும் வழியில் வழக்கமாகச் செண்டோல் குடிக்கும் கடையில் நிறுத்தியும் அக்கா இறங்கவில்லை.

கோயில் கமிட்டியில் இதெல்லாம் பெரிய தமாஷ். எங்கள் அம்மன் எஸ்டேட்டில் இருந்தவள். எஸ்டேட்டை வீடு கட்ட விற்றபோது எங்களோடு தாமானுக்குக் குடி வந்தவள். கமிட்டியில் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் அக்காவிடம் எப்போதாவது சிவப்பு வாங்கியவர்கள். "என்னா ஜெனரல், இந்த வாரம் எந்தக் கரையில எறங்கப் போறீங்க?" என்று தலைவர் கேட்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சிரிப்பார். ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும், "ஒரு நாளாச்சும் நான் சொல்றத இவங்க கேக்கணும் தம்பி. ஒரே ஒரு நாளு," என்பார். அவர் எதற்காவது ஏங்கி நான் பார்த்தது என்றால் அது ஒன்றுக்குத்தான்.

அந்த நாளும் வந்தது. மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தமாட்டவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. எஸ்டேட்டில் இருந்தவரை ஆற்றோடு முடிந்துவிடும். கடலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. ரதத்தை லோரி மேல் ஏற்றி, தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் நேரே அலை வரைக்கும் ஓட்டிப் போவது என்று திட்டம். போர்ட்டிக்சனில் கூட்டமில்லாத ஒரு கரையை லுக்குட் பக்கமாகப் பார்த்தார்கள். செகரட்டரி புதிதாக ட்ரோன் வாங்கியிருந்தார், அதைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார். கூட்டத்தில் திரை கட்டிப் போட்டார்கள். தங்கம் மாதிரி மணல், கைதட்டல் வேறு.

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"படம் நல்லா இருக்கு. மோரிப்புக்கும் இதே மாதிரி மேலேர்ந்து படம் புடிச்சாங்க," என்று ஆரம்பித்து, அந்தச் சேற்றில் உட்கார்ந்த லோரிகளின் படத்தை எல்லாருக்கும் கைமாற்றிக் கொடுத்தார். பதினைந்து நிமிஷம் பேசினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலைவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அக்கா. நீங்க மண்ணப் பாத்துச் சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் லோரி எறங்கும்," என்றார். வேனில் வரும்போது அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன்.

ரோட்டிலிருந்து அலை வரைக்கும் லோரி போகும் பாதையைத் தாளில் வரைந்து, பத்துப் புள்ளி வைத்தார். பத்து இடத்திலும் குழாயை இறக்கி மண் எடுக்கவேண்டும். ஆனால் அதற்குள் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தாளையும் பத்து பிளாஸ்டிக் பையையும் என்னிடம் கொடுத்தார். "வேற யாரையும் நான் நம்பமாட்டேன், தம்பி. நீதான் ஒன்பது வருஷமா என்கூட பாத்துக்கிட்டிருக்க."

போனேன். நல்ல வெயில். முதல் புள்ளி கெட்டி. இரண்டாவது கெட்டி. மூன்றாவதும் கெட்டி, குழாய் இறங்கவே மாட்டேன் என்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி ஷிப்டுக்குக் கம்பெனி வாசலில் நிற்கவேண்டும். மூன்றும் நன்றாகத்தானே இருக்கிறது, மற்றது மட்டும் எப்படி இருக்கப்போகிறது? அங்கேயே குந்தி, மூன்றாவது குழியிலிருந்து மிச்சம் ஏழு பையையும் நிரப்பினேன். நம்பர் எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பத்தும் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்கா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

மறுநாள் ரதம் கட்டும் வேலை ஆரம்பிக்கவேண்டும் என்று கமிட்டியிலிருந்து போன் மேல் போன். அக்கா தாளில் கையெழுத்துப் போட்டார். பச்சை ஸ்டிக்கரும் ஒட்டினார். பைகள் அவிழாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன, பிறகு அப்படியே அவரோடு வீட்டுக்குப் போயின.

மாசி மகத்தன்று அக்கா ஊன்றுகோலோடு ரோட்டோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரைந்த தாளைப் பார்த்துப் பத்து இடத்தில் வேப்பிலை கட்டிய குச்சி நட்டிருந்தார்கள். உறுமி, தவில், பன்னீர், சாம்பிராணி. அம்மனோடு லோரி இறங்கியது. முதல் குச்சி, இரண்டு, மூன்று. இனி நான் தொடாத மண். நான்கு, ஐந்து. ஆறாவது குச்சிகிட்டே வந்ததும் முன் சக்கரம் அப்படியே அமுங்கியது. டிரைவர் மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது.  தண்ணீர் வேறு திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் பாய்ந்தார்கள். அம்மனைத் தோளில் தூக்கி, முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, செருப்புகள்தான் போயின. லோரி மட்டும் அங்கேயே நின்றது. கடல் வந்து அதன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் இடுப்புவரை சேற்றோடு ரோட்டுக்கு ஏறி வந்தார். "யாரு பாஸ் பண்ணது இத?"

நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றும் இல்லை. பேசியிருக்கலாம்.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "நான்தான். என் கையெழுத்துதான் இருக்கு," என்றார்.

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கமிட்டியில் யாராவது ஏதாவது தப்பாகச் செய்தால், "கியூசி பாஸ் பண்ணிடிச்சி லா," என்பார்கள். ஒரே சிரிப்பு. அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மோரிப்புக்குக் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் எப்போதும்போல, "சாப்ட்டியா தம்பி?" என்பார். இரண்டு வருஷம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்கு நேரமாகிவிடும். சீ, என்ன மனுஷன் நான்!

பிறகு மகள் கூப்பிட்டாள் என்று ஜொகூருக்குக் கிளம்பினார். சாமான்களை என் வேனில்தான் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தேன், கனத்தது, மூடி கழன்றது. உள்ளே பத்துப் பொட்டலம் மண். மூன்று தனித்தனியாக, பச்சை ஸ்டிக்கரோடு. ஏழும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி, சிவப்பு ஸ்டிக்கரோடு.

ஏழையும் திருப்பி நம்பரைப் பார்த்தேன்: நாலிலிருந்து பத்து வரை, என் எழுத்து.

"மூணாவது குழி மண்ணு. மூணாவதோட சேத்து எட்டும் ஒரே மண்ணு," என்றார் அக்கா வாசலில் நின்று. "லோரி மாட்டின அன்னிக்கி ராத்திரியே எல்லாத்தையும் தட்டுல கொட்டிப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா இவ்ளோ நாளும் சொல்லல? என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம்லக்கா!"

"ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு அடியிலதான் இருந்திச்சி. கை நீட்டினா எட்டும். நான் தொட்டுப் பாக்கல." பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "ஒன்பது வருஷம் தேடினேன் தம்பி, அந்தக் கரைய யாரு பாஸ் பண்ணதுன்னு. அவன் பேரு இன்னும் தெரியல. ஆனா எப்பிடிப் பாஸ் பண்ணியிருப்பான்னு தெரிஞ்சிடிச்சி. அவசரம் இருந்திருக்கும். மண்ணு கொண்டாந்தவன் நம்பிக்கையான ஆளா இருந்திருப்பான்."

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அன்றைக்கு மாலையே கமிட்டிக் கூட்டம் இருந்தது. போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், நேரே அக்கா வீட்டுக்கு நடந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் நின்றேன். தலைவர் வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் சட்டையில் எந்த ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் காலை வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார் அக்கா. டேஷ்போர்டில் இருந்த பழைய பச்சை ஸ்டிக்கரை நான் நகத்தால் சுரண்டினேன்.

"ஏன் உரிக்கிற?"

"எனக்கு இது வேணாம்கா. நான் அதுக்கு லாயக்கில்ல."

"அது வேனுக்கு ஒட்டினது. ஒனக்கு நான் இன்னும் ஒட்டவே இல்ல," என்றார். கைப்பையில் தேடி ஒரு ரோலை எடுத்து, ஒன்றைக் கிழித்து, என் சட்டைப் பையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குனிந்து பார்த்தேன். மஞ்சள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியிலும் அந்தக் கரையில் நானே பத்து இடத்திலும் குழாயை இறக்குகிறேன், பத்துப் பையையும் படம் எடுத்து ஜொகூருக்கு அனுப்புகிறேன். "தொட்டுப் பாத்தியா?" என்று பதில் வரும், வேறொன்றும் வராது. அந்த மஞ்சள் ஸ்டிக்கரைத் துவைக்கும்போது போய்விடக்கூடாது என்று அன்றைக்கே சட்டையிலிருந்து எடுத்து டேஷ்போர்டில் ஒட்டிவிட்டேன். வேனுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.